மூன்று ரூபாய் வட்டியில் ஒரு படம்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன் நான். சென்னையில் சில ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். ஊர் ஊராகப் போய் ஆட்டுக் கிடை போட்டுப் பிழைக்கும் ஒரு கீதாரியின் கதையைத் திரைக்கதையாக எழுதி முடித்துவிட்டேன். நான் கதை சொல்லாத நிறுவனம் இல்லை. "நன்றாக இருக்கிறது, ஹீரோ யார்?" என்ற கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. நானே தயாரித்தால் 50 லட்சத்தில் முடித்துவிடலாம். வீட்டுப் பத்திரத்தின் பேரில் மூன்று ரூபாய் வட்டிக்கு ஒருவர் பணம் தரத் தயாராக இருக்கிறார். அப்பாவும் சம்மதித்துவிட்டார். ஓடிடிக்கு விற்று ஒரே வருடத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சுயாதீனப் படங்களுக்கு உண்மையில் பணம் எங்கிருந்து வருகிறது? எடுத்த படத்தை எப்படி விற்கிறார்கள்?

ச., சிவகங்கை

அன்புள்ள ச.,

அந்தப் பணத்தை வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

மூன்று ரூபாய் வட்டி என்றால் 50 லட்சத்துக்கு மாதம் ஒன்றரை லட்சம். வருடத்துக்கு 18 லட்சம். மூன்று வருடத்தில் வட்டி மட்டுமே 54 லட்சம் ஆகிவிடும். அசல் அப்படியே நிற்கும். நீங்கள் ஒரு வருடக் கணக்குப் போடுகிறீர்கள், நான் மூன்று வருடக் கணக்குப் போடுகிறேன். காரணம் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இன் தொடக்கத்தில் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. அந்த ஆண்டே ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரிப்பாளர்களாகப் பின்னால் நின்றார்கள். அப்படியிருந்தும் சோனி லிவ்வில் பொதுமக்கள் அதைப் பார்த்தது 2023 அக்டோபரில்தான். செழியனின் 'டூலெட்' 2017இல் கொல்கத்தா விழாவில் காட்டப்பட்டு, தேசிய விருதும் வாங்கி, திரையரங்குக்கு வந்தபோது 2019 பிப்ரவரி. இவை நல்லபடியாகக் கரை சேர்ந்த படங்கள். இவற்றுக்கே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

திரைப்பட விழாக்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கின்றன. ரோட்டர்டாம் ஜனவரி இறுதியில், பெர்லின் பிப்ரவரியில், கான் மே மாதத்தில், லோகார்னோ ஆகஸ்டில், பூசான் பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி. ஓரிடத்தில் பதில் வரும்வரை இன்னோரிடத்தில் படத்தைக் காட்ட முடியாது. பெரிய விழாக்கள் முதல் காட்சி தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும். ஒலி மிக்ஸிங் இரண்டு மாதம் தள்ளிப்போனால் சில நேரம் ஒரு வருடமே தள்ளிப்போய்விடும். சுயாதீனப் படத்திடம் நட்சத்திரம் இல்லை, விளம்பரம் இல்லை. இருப்பது காலம் ஒன்றுதான். மழைக்காகக் காத்திருக்கலாம், எடிட்டிங்கில் ஆறு மாதம் உட்காரலாம், சரியான விழாவுக்காகப் பொறுத்திருக்கலாம். மாத வட்டிப் பணம் முதலில் பிடுங்கிக்கொள்வது இந்தக் காலத்தைத்தான்.

பெரிய படங்கள் வட்டிக்குத்தானே ஓடுகின்றன என்று நீங்கள் கேட்கலாம். ஆம். ஆனால் அங்கே நட்சத்திரத்தின் கால்ஷீட்தான் ஜாமீன். படப்பிடிப்பு நடக்கும்போதே சென்னை சிட்டி, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி-தஞ்சாவூர், சேலம், நெல்லை என்று ஏரியா ஏரியாவாக எம்.ஜி. (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விநியோகஸ்தர் முன்கூட்டியே தரும் உத்தரவாதத் தொகை) பேசுவார்கள், சாட்டிலைட், ஆடியோ, டப்பிங் உரிமைகள் என்று முன்பணம் வரும். ரிலீஸ் தேதி படம் தொடங்கும்போதே குறிக்கப்படுகிறது. உங்கள் கீதாரி படத்தை ரிலீசுக்கு முன்னால் எந்த ஏரியாவும் எம்.ஜி. கொடுத்து வாங்காது. விற்பனையில் எதுவும் வராத காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

பணம் கொடுத்தவர் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. பிலிம் காலத்தில் அதற்கு லேப் லெட்டர் என்று பெயர்: கடன் அடையாமல் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே போகாது. இப்போது பிரிண்ட் இல்லை. படம் முன்கூட்டியே திரையரங்கின் சர்வருக்குப் போய்விடும். திறப்பதற்கான கேடிஎம் சாவி மட்டும் தனியாக மின்னஞ்சலில் வரும். ஃபைனான்சியர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்காவிட்டால் அந்தச் சாவி வராது. என் நண்பர் ஒருவரின் முதல் படம் வெளியான வெள்ளிக்கிழமை நான் ஒரு மாவட்டத் தலைநகரத்துத் திரையரங்கில் இருந்தேன். பதினொரு மணிக் காட்சி. நண்பரின் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஆபரேட்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கணினியைப் பார்த்துவிட்டு வந்து "இன்னும் வரவில்லை" என்றார். சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பழைய வட்டிப் பாக்கிக்குப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு மேலாளர் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு படத்தைப் போட்டார். சாவி இரவில் வந்தது. மறுநாள் அந்தத் திரையில் ஒரே ஒரு காட்சி மிச்சமிருந்தது.

அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது? மாதம் தவறாமல் வந்து கதவைத் தட்டாத பணத்தைத் தேடுங்கள். அப்படிப்பட்ட பணத்துக்கு இந்த நாட்டில் ஒரு வரலாறே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் செய்தது. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர் அவர். தேசிய விருது பெற்ற படம், ஆனாலும் அதற்குத் திரையரங்கு கிடைக்கவில்லை; தூரதர்ஷனும் ஒளிபரப்பாமல் பின்வாங்கியது. அதற்குப் பிறகு அவர் தயாரிப்பாளரைத் தேடுவதை விட்டுவிட்டு மக்களிடம் போனார். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கினார். பறை கொட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், சாப்ளின் படத்தைத் திரையிட்டார்கள், முடிந்தவரை கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' வந்தது. முடிந்த படத்தை விநியோகஸ்தரிடம் கொடுக்காமல், பணம் கொடுத்த ஊர்களுக்கே ப்ரொஜெக்டரோடு கொண்டுபோனார்கள். படம் எடுப்பதற்கான பணத்தையும் பார்ப்பதற்கான ஆட்களையும் ஒரே நேரத்தில் திரட்டினார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஜான் அடுத்த ஆண்டே இறந்துபோனது நமக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு.

இதற்கு முன்பே 1976இல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். கன்னடத்தில் பவன் குமார் 'லூசியா' (2013) படத்துக்குத் தன் வலைப்பதிவில் கேட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து சுமார் 50 லட்சம் திரட்டினார். உங்கள் பட்ஜெட்டும் அதேதான். ஆனால் பவன் குமார் அதற்கு முன்பே ஒரு படம் இயக்கி வெளியிட்டவர், வலைப்பதிவுக்குத் தொடர்ந்து வாசகர்கள் இருந்தார்கள். முகம் தெரியாதவரிடம் யாரும் பணம் தரமாட்டார்கள். நீங்கள் ஒரு குறும்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வாங்கும்போதே இது நன்கொடையா, லாபத்தில் பங்கா என்று எழுத்தில் சொல்லுங்கள். லாபத்தில் பங்கு என்றால் ஓர் ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

அரசுப் பணம் இன்னொரு வழி. 1960இல் தொடங்கப்பட்ட ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனும், பிறகு அதை இணைத்துக்கொண்ட என்எஃப்டிசியும் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) இல்லாமல் இந்தியாவின் மாற்று சினிமா இல்லை. ஆனால் எடுக்கப் பணம் கொடுத்தவர்கள் காட்டுவதற்கு இடம் கொடுக்கவில்லை. எத்தனையோ படங்கள் பெட்டியிலேயே கிடந்தன. கேரளம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை கொடுக்கிறது. 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்ற அரசு ஓடிடியையும் தொடங்கிவிட்டார்கள். ஒரு படம் பார்க்க 75 ரூபாய், அதில் பாதி படத்துக்கு உரியவருக்கு. தமிழ்நாட்டில் சிறு படங்களுக்கு அரசு மானியம் உண்டு. அது படம் முடிந்த பிறகு வருவது. எடுப்பதற்கு முன்னால், திரைக்கதையைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கும் ஒரு திட்டம் இங்கே வேண்டும். சினிமாக்காரர்களையே முதலமைச்சராக்கிய மாநிலம் இது. இதைக் கேட்க நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, தொடர்ந்து கேட்க வேண்டும்.

வெளிநாட்டு நிதிகள் மூன்றாவது வழி. அருண் கார்த்திக்கின் 'நசீர்' ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி பெற்று, ஒரு நெதர்லாந்துத் தயாரிப்பாளருடன் கூட்டாக எடுக்கப்பட்டது. கோவையின் தெருக்களில் நடக்கும் கதை அது. அந்த மண்ணை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. வெளிநாட்டுப் பணம் வந்தால் படம் வெளிநாட்டுக்காரருக்காக மாறிவிடும் என்று சொல்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். கூட்டுத் தயாரிப்புப் பணத்தில் ஒரு பகுதியைப் பெரும்பாலும் அந்த நாட்டிலேயே, ஒலி, கலரிங் போன்ற வேலைகளுக்குச் செலவிடச் சொல்வார்கள். பட்ஜெட்டில் அதற்கு இடம் விடுங்கள். இத்தகைய தயாரிப்பாளர்களைச் சந்திக்க நம் ஊர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் கோவாவில் நவம்பரில் என்எஃப்டிசி நடத்தும் ஃபிலிம் பஜார் (2025இலிருந்து அதன் பெயர் வேவ்ஸ் ஃபிலிம் பஜார்).

நடிகர்கள் தயாரிப்பாளராக வருவது நான்காவது. 'காக்கா முட்டை'க்கு வெற்றிமாறனோடு தனுஷ், 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு விஜய் சேதுபதி, 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயன். 2024இல் 'கொட்டுக்காளி'யைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கக் கூடாது என்று திரையுலகிலேயே சிலர் பேசினார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பிடிக்காமல் எழுந்து போகும் உரிமை பார்வையாளருக்கு இருக்கட்டும், முதலில் படம் அவர் ஊருக்கு வரட்டும்.

இனி விற்பனை. 2020, 21இல் திரையரங்குகள் மூடிக்கிடந்தபோது ஓடிடிகள் நேரடியாகப் படங்களை வாங்கின. உங்கள் நண்பர்கள் அந்தக் காலத்தை நினைத்துப் பேசுகிறார்கள். இப்போது பெரும்பாலும் திரையரங்கில் ஓடியதா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள், அல்லது முன்பணம் எதுவும் இல்லாமல் பார்க்கப்பட்ட நேரத்துக்கு ஏற்பப் பங்கு தருகிறோம் என்கிறார்கள். சரி, திரையரங்குக்குப் போவோம். வரி போக டிக்கெட்டுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு 15 பேர் வந்தால் 1,500. திரையரங்கின் பங்கு பாதி போனால் 750. விநியோகஸ்தரின் கமிஷன், படத்தைத் திரையரங்குக்கு அனுப்பும் டிஜிட்டல் நிறுவனத்தின் கட்டணம், போஸ்டர் ஒட்டுபவரின் கூலி எல்லாம் இந்த 750க்குள்தான். இதனால்தான் சிறு படத்துக்கு நூறு திரைகள் ஆபத்து. பத்துத் திரையில், மாலைக் காட்சி மட்டும், இரண்டு வாரம் என்று கேட்டு வாங்குங்கள். காலைக் காட்சியாக நான்கு நாள் ஓட்டிவிட்டுத் தூக்குவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விழாவில் இடம் கிடைத்தால் சர்வதேச விற்பனை முகவர்கள் வருவார்கள். விற்ற தொகையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கமிஷன் கேட்பது வழக்கம். அதற்கு மேல் தங்கள் செலவையும் கழித்துக்கொள்வார்கள். அந்தச் செலவுக்கு உச்சவரம்பு எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்திய உரிமையை அதில் சேர்க்காதீர்கள். எவரிடமும் நெகடிவ் உரிமையை, அதாவது படத்தின் முழு உரிமையை, நிரந்தரமாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஐந்து வருடம், ஏழு வருடம் என்று காலம் வையுங்கள். நடித்த ஊர்க்காரர்கள் உட்பட எல்லோரிடமும் படப்பிடிப்பின்போதே ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விற்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதங்கள்தான்.

உங்கள் படத்துக்கென்றே ஒரு விஷயம். காட்சிக்குக் காட்சி ஆடுகள் வருகின்றன. படப்பிடிப்புக்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும், இல்லையென்றால் தணிக்கையில் படம் நின்றுவிடும். முன்பு சென்னையில் இருந்த வாரியம் இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. எத்தனை ஆடு, எந்தக் காட்சி, எந்தத் தேதி என்று முன்னதாகவே எழுதி அனுப்ப வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு காரியம் செய்யுங்கள். திரைக்கதையிலிருந்து ஒரே ஒரு இரவுக் கிடையை, பத்து நிமிடப் படமாக, கையிலிருக்கும் பணத்தில் எடுங்கள். அதையும் திரைக்கதையையும் வைத்துக்கொண்டு ஹூபர்ட் பால்ஸ் நிதிக்கும் ஃபிலிம் பஜாருக்கும் விண்ணப்பியுங்கள். பட்ஜெட்டை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம். அனுப்பும்போது படம் முடிந்த பிறகான செலவுகளையும் தனிப் பகுதியாக எழுதுங்கள்: சப்டைட்டில், டிசிபி (திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி), விழாக் கட்டணங்கள், தணிக்கை, பத்துத் திரைகளுக்கான வெளியீடு. 50 லட்சத்தில் அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.