டிஎஸ்எச் ஏறினால் என்ன செய்வது? தைராய்டு பற்றி ஒரு கேள்வி பதில்

வந்த கேள்விகளை எல்லாம் வாசித்தேன். பெரும்பாலானவர்கள் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் ஓர் எண்ணை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் எப்போது கொடுத்தீர்கள், மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. என் எதிரில் உட்காருபவரிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். அதனால் சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் செக்-அப்பில் டிஎஸ்எச் 6.2 என்று வந்தது. 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை எழுதி, வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு 29 வயது, திருமணம் ஆகவில்லை. இன்னும் மாத்திரையைத் தொடவில்லை. பயமாக இருக்கிறது, டாக்டர். (சேலத்திலிருந்து ஒரு சகோதரி)

பயம் வேண்டாம். முதலில் டிஎஸ்எச் என்றால் என்ன என்று பார்ப்போம். கட்டட வேலை நடக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யும் ஆள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, மேஸ்திரி. டிஎஸ்எச் என்பது மேஸ்திரி போடும் சத்தம். வேலை மந்தமானால் சத்தம் கூடும், வேலை அளவுக்கு மிஞ்சினால் சத்தம் அடங்கிவிடும். ஆனால் வேலை உண்மையில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று அறிய ஃப்ரீ டி4, அதாவது சுரப்பி செய்து ரத்தத்தில் விடும் ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லை.

டிஎஸ்எச் சற்றுக் கூடியும் ஃப்ரீ டி4 சரியாகவும் இருந்தால், சுரப்பி கொஞ்சம் திணறினாலும் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சலில் இருந்து தேறும் நாட்களில்கூட டிஎஸ்எச் இப்படி ஏறி, தானே இறங்குவது உண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து டிஎஸ்எச், ஃப்ரீ டி4, அதோடு ஆன்டி டிபிஓ எதிரணுவும் (சுரப்பிக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் பொருள்) பாருங்கள். அப்போது டிஎஸ்எச் 10-ஐத் தாண்டினால் பொதுவாக மாத்திரை தொடங்குவோம். 10-க்குள் இருந்து எதிரணு இருந்தால் அது ஹாஷிமோட்டோ வகை. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களிடம் கண்டு எழுதிய நோய் இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை மெல்ல அரிக்கும். டிஎஸ்எச்சும் கூடி எதிரணுவும் இருப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேர் போலத்தான் முழுக் குறைபாட்டுக்குப் போகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வரலாம். மாத்திரை எழுதிய மருத்துவரிடமே திரும்பப் போய், "ஃப்ரீ டி4 பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறு வருடமாக மாத்திரை எடுக்கிறேன். 50-இல் தொடங்கி 125-க்கு வந்தாயிற்று. டிஎஸ்எச் இன்னும் 14. மேலும் கூட்டலாமா? எடை 58 கிலோ. (மதுரை, 47 வயது)

கூட்டாதீர்கள். சுரப்பி முழுக்க ஓய்ந்துபோனவருக்கே கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் போதும். உங்கள் எடைக்கு 93 வருகிறது. 125 போட்டும் எட்டவில்லை என்றால் மருந்து உள்ளே போய்ச் சேரவில்லை. சுரப்பியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் காலை நேரத்தைப் பார்ப்போம்.

ஐந்தரைக்கு எழுந்து மாத்திரையைப் போட்டு, அடுத்த நிமிடமே ஃபில்டர் காபி குடிக்கிறீர்களா? நம் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காபி இந்த மருந்தைக் குடலில் உறிஞ்ச விடாது. வெறும் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இன்னும் மோசம். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 47 வயதில் யாராவது கால்சியம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், காலையில் எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிப் போடுவீர்கள். தினமும் போடும் அசிடிட்டி மாத்திரையும் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்? அடுப்படி ஜன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைத்தால் மருந்து வீரியம் இழக்கும். வெளிச்சமும் ஈரமும் இதற்கு ஆகாது. வாரத்துக்கான மாத்திரைகளை மொத்தமாக வெளியே எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

காலைக் காபியை விட முடியவே முடியாது என்பவர்கள் இரவு போடலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. இதையெல்லாம் சரிசெய்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், மேஸ்திரி சத்தத்தைக் குறைக்க இன்னும் நாள் எடுப்பார். இன்னொன்று: பழக்கத்தைத் திருத்தியதும் 125 உங்களுக்கு அதிகமாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம் வந்தால் எட்டு வாரம் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தைராய்டு டெஸ்டுக்கு வெறும் வயிறு வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் டிஎஸ்எச் அதிகாலையில் கூடி, மதியத்துக்கு மேல் குறையும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் போன ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

எனக்கு ஹைப்பர் தைராய்டு (சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரப்பது) என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டிஎஸ்எச் 0.05, ஃப்ரீ டி4 கூடுதல். ஆனால் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, நன்றாகத் தூங்குகிறேன். முடி கொட்டுகிறது, அதற்கு மட்டும் ஒரு மாத்திரை போடுகிறேன். (கோயம்புத்தூர், 31 வயது)

அந்த முடி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் 10 மில்லிகிராம் என்று இருக்கிறதா? உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். பல பரிசோதனை இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடிப்பதற்குப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் அந்தக் கொக்கி குழம்பி, டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத ஹைப்பர் தைராய்டு அப்படியே ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். அதை நம்பி மருந்து தொடங்கினால் நல்ல சுரப்பியை அடக்கிவிடுவோம். குறைந்தது இரண்டு நாள், நீங்கள் போடும் அளவுக்கு நான் சொல்வது ஒரு வாரம், அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்ப ரத்தம் கொடுங்கள். லேபில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

ஏழு வாரக் கர்ப்பம். தைராய்டு மாத்திரை 75 போடுகிறேன். மாமியார் "பிள்ளைக்கு ஆகாது, நிறுத்து" என்கிறார்.

தயவுசெய்து நிறுத்த வேண்டாம், அம்மா. மாமியார் அக்கறையில் சொல்கிறார், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 12 வாரம் வரை குழந்தையின் சுரப்பி வேலை தொடங்காது. அதுவரை மூளை வளர வேண்டிய தைராய்டு ஹார்மோன் முழுக்க உங்களிடமிருந்துதான் போகிறது. மாத்திரையில் இருப்பது உங்கள் சுரப்பி செய்யும் அதே தைராக்ஸின்தான்.

கர்ப்பத்தில் தேவை கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடும். அதனால்தான் கர்ப்பம் உறுதியானதுமே வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது போடச் சொல்கிறோம். நாளையே மருத்துவரைப் பார்த்து இதைக் கேளுங்கள், அன்றே டிஎஸ்எச் கொடுங்கள். 2.5-க்குள் வைக்கப் பார்ப்போம். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளிவிடுங்கள். பிரசவம் ஆனதும் பழைய அளவுக்கே திரும்பலாம்.

பிறந்து ஐந்தாம் நாள் எடுத்த டெஸ்டில் குழந்தைக்கு டிஎஸ்எச் 60-க்கு மேல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், பாலும் குடிக்கிறாள். மாத்திரை அவசியமா? (தஞ்சாவூரில் ஒரு அப்பா)

அவசியம், தம்பி. இன்றைக்கே. இந்தக் கேள்விக்குத்தான் என் மனம் அதிகம் பதறியது. பிறக்கும்போது இந்தக் குழந்தைகள் நன்றாகவே இருப்பார்கள், ஏனென்றால் அம்மாவின் ஹார்மோன் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வெளியே தெரியும்படி ஆகும்போது மூளை வளர்ச்சியில் நாட்கள் போயிருக்கும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போலவே படிப்பாள், ஓடுவாள். இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பிறவித் தைராய்டு குறைபாடு இருக்கிறது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்த உங்கள் மருத்துவமனைக்கு நன்றி சொல்லுங்கள்.

இதற்கு சிரப் தேடி அலைய வேண்டாம். சொன்ன அளவு மாத்திரையை ஒரு ஸ்பூனில் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து உடனே கொடுங்கள். பாட்டில் பாலில் கலந்தால் பாதி பாட்டிலிலேயே நின்றுவிடும். அளவைப் பார்த்துத் திகைக்காதீர்கள், பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் வேண்டும். மூன்று வயது ஆனபின் சிலருக்கு நிறுத்திப் பார்க்கலாமா என்று யோசிப்போம். அதுவரை ஒரு நாளும் விடாதீர்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடலாமா? கல் உப்புக்கு மாறினால் நல்லதா?

கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடுங்கள், தைராய்டைத் தடுக்கும் பொருள் வேகும்போதே பெரும்பாலும் போய்விடும். கல் உப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். சாக்கில் அளந்து தரும் கல் உப்பில் பல நேரம் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். 1950-களில் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துக் கழுத்துக் கழலை (தைராய்டு வீக்கம்) குறைவதைக் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1962-இல் நாடு தழுவிய திட்டம் வந்தது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை பார்த்து வாங்குங்கள். மூடி வையுங்கள், சமையல் முடியும் தறுவாயில் போடுங்கள். அதற்காக அயோடின் சொட்டு மருந்து வாங்கிக் குடிக்காதீர்கள். ஹாஷிமோட்டோ இருப்பவருக்கு அது நிலைமையை மோசமாக்கும்.

92 கிலோ ஆகிவிட்டேன். தைராய்டுதான் காரணமா?

தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ, அதிலும் நீர்தான் அதிகம். மீதிக்கு வேறு காரணம் தேட வேண்டும். எடை குறைக்க அளவுக்கு மேல் தைராய்டு மாத்திரை போடுவது இதயத்தைக் கெடுக்கும்.

ஹைப்பர் தைராய்டுக்குச் சுரப்பியை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கி ஒரு மாதம். நேற்றிலிருந்து காய்ச்சல், தொண்டை வலி. பாராசிட்டமால் போட்டால் போதுமா?

போதாது. கார்பிமசோலை இப்போதே நிறுத்திவிட்டு, இன்றே வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். இரவானாலும் சரி. ஆயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு இந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். எண்ணிக்கை சரியாக இருந்தால் சாதாரணக் காய்ச்சல்தான், மருத்துவர் சொன்னதும் மருந்தைத் தொடரலாம்.

அப்பாவுக்கு 76 வயது. டிஎஸ்எச் 6.8, ஃப்ரீ டி4 சரி. அம்மா இறந்துவிட்டார். அப்பா சோர்வாக இருக்கிறார். தொடங்கட்டுமா?

வயதாக ஆக டிஎஸ்எச் இயல்பாகவே கொஞ்சம் ஏறும். 2017-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் இதே நிலையில் இருந்த 737 முதியவர்களில் பாதிப் பேருக்குத் தைராக்ஸினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் சோர்வில் வித்தியாசமே இல்லை. மாறாக, அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். ரத்தசோகை, பி12, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு இவற்றை முதலில் பாருங்கள். அம்மா இறந்த பிறகு வந்த சோர்வா என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கழுத்தில் 1.2 சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோயா?

பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்று இல்லை. அல்ட்ராசவுண்டில் தரம் பிரிப்பார்கள், தேவைப்பட்டால் மட்டும் ஊசியில் மாதிரி எடுப்பார்கள்.

பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி ஐசியுவில் இருந்தேன். பால் சுரக்கவே இல்லை. ஒன்றரை வருடமாக மாதவிலக்கு வரவில்லை. எப்போதும் குளிர், எழுந்தால் தலை சுற்றுகிறது. டிஎஸ்எச் 2.8, "தைராய்டு நார்மல்" என்றார்கள். (விழுப்புரம், 27 வயது)

முதல் பதிலில் சொன்ன மேஸ்திரி நினைவிருக்கிறதா? அவரே படுத்துவிட்டால் வேலை நின்றாலும் சத்தம் வராது. அப்போது டிஎஸ்எச் சரியாக இருப்பதுபோலவே காட்டும். பிரசவத்தில் ரத்தம் வெகுவாகப் போனால் பிட்யூட்டரிக்கு ரத்தம் கிடைக்காமல் அது பாதிக்கப்படலாம். 1937-இல் மருத்துவர் ஷீஹன் விளக்கிய நோய் இது. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அதோடு பொருந்துகிறது.

நாளைக் காலையே எண்டோகிரைன் (ஹார்மோன் நோய்) பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எட்டு மணி வாக்கில் கார்டிசால் (பிட்யூட்டரி சொல்லி அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்), அதோடு ஃப்ரீ டி4 பார்க்கச் சொல்லுங்கள். கார்டிசால் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும், வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. வழியில் வாந்தியோ மயக்கமோ வந்தால் நேரே அவசரப் பிரிவு. கணவரோ அம்மாவோ கூட வரட்டும். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள் என்பது அதில்தான் இருக்கும்.