இசைப் பயிற்சியின் பலனை எப்படி அளப்பது?

கேள்வி: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் முப்பது பிள்ளைகளுக்கு, அவர்கள் மனத்திலுள்ள 'போர்க் காயம்' ஆறட்டும் என்று, வாரம் இருமுறை பாட்டும் தாளமும் கற்றுத்தரவிருக்கிறோம். இரண்டு மாதம் முடிந்ததும் அவர்களுடைய மனநல முன்னேற்றத்தை எண்களில் காட்டும்படி நிதி தருபவர்கள் கேட்கிறார்கள், பிள்ளைகளின் பலங்களையும் சிக்கல்களையும் பற்றிக் கேட்கும் எஸ்.டி.க்யூ. (SDQ) என்ற கேள்வித்தாளையும் அனுப்பியிருக்கிறார்கள். வருகைப் பதிவேடு மட்டும் போதாதா?
— வாசகி, மதுரை

பதில்: பதிவேடு போதாது, ஆனால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். பெரிய பையன் ஒருவன் திடீரென்று வராமல் போனால், இசை பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அப்பாவோடு பெயின்டிங் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டானா என்று விசாரித்து, அந்தக் காரணத்தையும் பதிவேட்டிலேயே எழுதிவையுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் கேள்வித்தாளை 1997இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் வெளியிட்டார். அதிலுள்ள 25 வாக்கியங்களில் 20 சிக்கல்களைப் பற்றியவை. அவற்றின் கூட்டுத்தொகை 0 முதல் 40 வரை வரும். பிறருக்கு உதவும் இயல்பைப் பற்றிய மற்ற ஐந்தையும் இந்தத் தொகையில் சேர்க்கக் கூடாது. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரோ பள்ளி ஆசிரியரோதான் நிரப்ப வேண்டும். பலர் சறுக்கும் இடம் வேறு: வழக்கமான படிவம் கடந்த ஆறு மாதங்களைப் பற்றிக் கேட்கிறது. இரண்டு மாதப் பயிற்சியின் முடிவில் அதையே மறுபடி கொடுத்தால், விடையில் நான்கு மாதங்கள் நீங்கள் முகாமுக்குள் கால் வைப்பதற்கு முந்தையவையாக இருக்கும். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் கேட்கும் தொடர் படிவம் தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதோடும் முடிந்துவிடாது. மிகவும் சோர்ந்திருக்கும் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தால், அவர்களில் பலர் எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே ஓரளவு தேறிவிடுவார்கள். பள்ளித் தேர்வு முடிந்தாலே கேள்வித்தாளின் கூட்டுத்தொகை மாறிவிடலாம். ஆகவே முப்பது பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, முதல் அணிக்கு இப்போதும் அடுத்த அணிக்கு இரண்டு மாதம் கழித்தும் கற்றுக்கொடுங்கள். இரு அணிகளையும் ஒரே நாள்களில் அளந்தால் வித்தியாசம் ஓரளவு தெரியும். அணிக்குப் பதினைந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதை அறிக்கையில் மறைக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது நீங்கள் எழுதியிருக்கும் 'போர்க் காயம்' என்ற சொல்தான். ஜோர்தானில் சிரிய அகதிகளுக்காக 2012இல் தொடங்கிய ஸாத்தரி முகாமுக்கு வந்துசேர்ந்த பிள்ளைகளில் பலர் குண்டுவீச்சைக் கண்ணால் கண்டவர்கள். உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். 1983க்குப் பின் கடல் கடந்து வந்தது பாட்டனாரோ பெற்றோரோதான். அவர்களை அழுத்துவது குடியுரிமை இல்லாமையும், பத்தடி அறையில் நடத்தும் குடித்தனமும், படித்தாலும் வேலை கிடைக்குமா என்ற கவலையும். வாரம் இரண்டு வகுப்புகளால் இவற்றில் எது குறையும் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பேசத் தயங்கும் சிறுமி அணியின் முன் நின்று தனியாக ஒரு வரி பாடினாளா, பெரியவர்கள் சொல்லாமலே சின்னவனுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தது யார் என்பவை அளக்கத்தக்கவை. அவற்றைக் கற்பிக்கும் நீங்களே குறிக்காமல், வகுப்போடு தொடர்பில்லாத ஒருவரை உட்காரவைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் நீங்கள் நேராகக் கேட்டால், “நல்லா இருந்துச்சு மிஸ்” என்றுதான் சொல்வார்கள்.

படிவங்களில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். பெற்றோர் சம்மதித்த பிறகும், பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இந்த மாற்றங்களை நிதி தருபவர்களிடம் வகுப்பு தொடங்கும் முன்பே பேசி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.