சுரைப் பிஞ்சு ஏன் வெம்பி விழுகிறது?

கேள்வி: மொட்டைமாடியில் பைகளில் பாகல், சுரை, புடலை, வெள்ளரி விதை போட்டேன். பாகல் பாதிகூட முளைக்கவில்லை. சுரை பந்தல் முழுக்கப் படர்ந்து பூக்கிறது, ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. தினமும் காலை எட்டு மணிக்குக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தும் பயனில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? – திருச்சியிலிருந்து ஒரு வாசகி

மருந்தெல்லாம் அப்புறம் பார்க்கலாம். காலை எட்டு மணி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் அதில்தான் இருக்கிறது. சுரைப்பூ பொழுது சாயும்போது விரியும் பூ. இருட்டில் பளிச்சென்று தெரிகிற அந்த வெள்ளை இதழ்களைத் தேடி வருவது அந்திப்பூச்சிகள். நீங்கள் மறுநாள் மாடிக்குப் போகும்போது பூ துவண்டு தொங்கும், மகரந்தமும் வீரியம் இழந்திருக்கும், அதைக் கொண்டுபோய் எத்தனை முறை தொட்டாலும் பிஞ்சு பிடிக்காது. பீர்க்கும் புடலையும்கூட மாலைக்கு மேல் பூப்பவைதான். பாகல், வெள்ளரி, பூசணி மூன்றும் விடியற்காலைப் பூக்கள், வெயில் ஏறும் முன்பே வேலையை முடித்துவிடும். அதனால் சுரை, பீர்க்கு, புடலைக்கு மாலை ஆறரை ஏழு மணிக்கு டார்ச்சோடு போங்கள், மற்றதற்குக் காலை காபிக்கு முன்னால் போங்கள்.

ஆண் பூ எது, பெண் பூ எது என்பதில் பலருக்குத் தடுமாற்றம். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். சுரையில் பஞ்சு போன்ற ரோமத்தோடும், பாகலில் முள்ளுமுள்ளாகவும் அப்போதே அதன் சாயல் தெரியும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பீர்க்கிலும் புடலையிலும் ஆண் பூக்கள் கொத்தாக வரும், பெண் பூ தனியாக நிற்கும். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தேய்த்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். கொடி பூக்கத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூவாகவேதான் வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அதற்குப் பிறகும் பெண் பூ குறைவாக இருந்தால் சுரையிலும் பாகலிலும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இவற்றில் பக்கக் கிளைகளில்தான் பெண் பூ கூடுதலாக வரும், எனவே கொடி பந்தலைத் தொட்டதும் நுனி கிள்ளுவது நல்ல பலன் தரும். வயலில் பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி மருந்தைத் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். நாலு பைக்கு அது தேவையில்லை. தழைச்சத்தை அள்ளிப் போட்டாலும் இலையாகவே தள்ளும், கடும் கோடையிலும் ஆண் பூதான் மிகும். அடுத்த முறை ஆடிப் பட்டத்திலோ தைப் பட்டத்திலோ விதையுங்கள்.

சரி, பிஞ்சு உதிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பழ ஈ. உதிர்ந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி, வெட்டினால் உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் ஒரு துளி, அந்த இடத்தில் காய் வளைந்து, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. இதற்குக் கடையில் மாமரத்துக்கு விற்கும் மெத்தில் யூஜினால் பொறியை (மணத்தால் ஈயை இழுத்துப் பிடிப்பது) வாங்கி மாட்டிவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. கொடிக்காய்களைத் தாக்கும் ஈ அதற்கு வராது, கியூலூர் என்ற வேறு மணப்பொருள் வைத்த பொறிதான் கேட்டு வாங்க வேண்டும். பொறியைவிட எனக்கு நம்பிக்கை உறையில்தான். பிஞ்சு பிடித்தது உறுதியானதும் மெல்லிய துணிப்பையோ செய்தித்தாளோ சுற்றிவிடுங்கள். புழு விழுந்த காயை உரத்தொட்டியில் போடாதீர்கள், கூட்டுப்புழுவாகி ஈயாக வந்துவிடும். பாலித்தீன் கவரில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

இனி பாகல் விதை. அதன் ஓடு கெட்டி. நகவெட்டியால் நுனியை மட்டும் லேசாக உடைத்து, உள்பருப்பு நசுங்காமல், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் மடித்து டப்பாவில் மூடி வையுங்கள். வெண்முளை எட்டிப் பார்த்ததும் ஓர் அங்குல ஆழத்தில், முளை கீழே பார்க்கும்படி, கொடி வளரப்போகும் பையிலேயே ஊன்றிவிடுங்கள். இந்தக் குடும்பத்துக்கே வேர் கலைந்தால் பிடிக்காது, நாற்றுதான் வேண்டுமென்றால் காகிதக் கோப்பையில் வளர்த்து அடியைக் கிழித்து அப்படியே வையுங்கள். மண் சொதசொதவென்று இருந்தால் விதை அழுகும். சமையலுக்கு வாங்கிய பச்சைப் பாகற்காயில் எடுத்த விதை என்றால் அது முற்றாத விதை, முளைக்காததில் ஆச்சரியமே இல்லை. கொடியிலேயே ஆரஞ்சு நிறத்தில் பழுத்து, விதை மேல் சிவப்புச் சதை பிடித்த பழத்திலிருந்து எடுக்க வேண்டும். சந்தையில் வாங்கும் மஞ்சள் பூசணி மட்டும் விதிவிலக்கு, அது முற்றியே வருவதால் விதை முளைக்கும், ஆனால் கலப்பினமாக இருந்தால் அதே காய் வராது.

புதிதாக விதை வாங்குவதென்றால் புடலையில் கோ 2 என்ற ரகம் கேட்டுப் பாருங்கள். காய் ஓரடி நீளத்தோடு நின்றுவிடும், தாழ்வான மாடிப் பந்தலுக்கு அது தோதானது. சொந்த விதையில் வந்த சுரை எதையும் சமைக்கும் முன் ஒரு துண்டு நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் தூக்கிப் போடுங்கள். கசப்புச் சுரைச் சாறு குடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு, வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.