கொடி விரியும் நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதில் சாரணராக இருந்ததைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் துணிந்து இக்கடிதத்தை எழுதுகிறேன். ஓராண்டாக ஒரு சாரணர் குழுவுக்கு உதவி ஆசிரியராக இருக்கிறேன். 11 முதல் 15 வயது வரையிலான 28 பிள்ளைகள், 4 அணிகள், வாரம் ஒருமுறை 90 நிமிடக் கூட்டம். தொடக்க நிகழ்ச்சி மட்டுமே இதில் 25 நிமிடங்களை விழுங்கிவிடுகிறது. கொடியேற்றம், வழிபாடு, உறுதிமொழி, சீருடைச் சோதனை, அதன் பிறகு அறிவிப்புகள். பாதியிலேயே பிள்ளைகள் கால் மாற்றி நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள். முடியும்போதோ நேரமில்லாமல் விசில் ஊதிக் கலைத்துவிடுகிறோம். சென்ற வாரம் ஒரு தாய், "காட்டையும் நட்பையும் கற்றுக்கொள்ளத்தானே அனுப்பினேன், சிப்பாய்களைப் போல நிற்க வைக்கிறீர்களே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தச் சடங்குகளை விட்டுவிட்டு நேரே விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் போய்விட்டால் என்ன குறைந்துவிடும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

25 நிமிடங்கள் என்று படித்ததுமே எனக்குக் கால் கடுத்தது. அந்தத் தாயின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அடுத்த கூட்டத்தில் ஓரமாக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அந்த 25 நிமிடங்களும் எங்கே செலவாகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொடி மேலேறி விரிய ஒரு நிமிடம் கூட ஆகாது. உறுதிமொழியை நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான். மீதி நேரத்தை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பெரியவர்களின் குரலாகவே இருக்கும்: வருகைப் பதிவு, முகாம் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, சென்ற வாரம் கயிறுகளைச் சுருட்டி வைக்காமல் போனவர்களுக்கான கண்டிப்பு, வந்திருக்கும் விருந்தினரின் நாலு வார்த்தைகள். இவற்றில் ஒன்று கூடத் தொடக்க நிகழ்ச்சியைச் சேர்ந்ததில்லை. ஆகவே சடங்கு நீண்டுவிட்டது என்ற உங்கள் முறையீட்டை நான் ஏற்கவில்லை. சடங்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அதன் தோளில் ஏறி மற்றவை சவாரி செய்கின்றன என்றே நினைக்கிறேன்.

கூட்டத்துக்கு வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. அன்றைய தேர்வையும், வீட்டில் வாங்கிய திட்டையும், வழியில் நண்பனோடு போட்ட சண்டையையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. இவற்றை இறக்கி வைக்க ஒரு வாசற்படி வேண்டும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமுக்கு வந்த ஏறத்தாழ இருபது சிறுவர்களில் ஒரு சாரார் பெருஞ்செல்வர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்தும், மற்றவர்கள் அருகிலிருந்த ஊர்களின் உழைக்கும் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். அக்கால இங்கிலாந்தில் இந்த இரு சாராரும் ஒரே கூடாரத்தில் படுப்பது எளிதில் நடக்கக்கூடியதாக இருக்கவில்லை. அவர்களைக் கலந்து, ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்னும் வளைந்த அலகுள்ள நீர்ப்பறவை ஆகிய நான்கின் பெயரில் நான்கு அணிகளாக்கி, ஆப்பிரிக்கப் போர்முனையிலிருந்து தாம் கொண்டுவந்த குடு மானின் முறுக்குக் கொம்பை ஊதிக் கூட்டினார் அவர். கொம்பொலி கேட்டால் யார் வீட்டுப் பிள்ளையும் தன் அணியோடு வந்து நின்றாக வேண்டும். உங்கள் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடமும் செய்ய வேண்டிய வேலை அதுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை.

நிற்கும் வடிவத்தையும் கவனியுங்கள். நீங்கள் எழுதியதிலிருந்து பிள்ளைகளை வரிசை வரிசையாக நிறுத்துகிறீர்களோ என்று ஐயுறுகிறேன். வரிசையில் நிற்கும் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவனின் பிடரி மட்டுமே. பின்வரிசையில் நிற்பவனுக்கு அதுகூட இரண்டு பிடரிகளாகத் தெரியும். சாரணர்களின் வழக்கமான வடிவம் குதிரை லாடம். திறந்த பக்கத்தில் கொடிக்கம்பமும் ஆசிரியரும், வளைவில் அணி அணியாகப் பிள்ளைகள். இதில் பின்வரிசை என்பதே கிடையாது. எதிரில் நிற்பவனின் முகம் தெரியும், அவன் கழுத்துத்துணி கோணலாக இருப்பது தெரியும், அவன் சிரிப்பை அடக்குவதும் தெரியும். 28 பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும், 28 பேர் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே உணர்வீர்கள்.

அந்தத் தாய்க்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு இயக்கத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். பேடன் பவல் படைத்தளபதி என்பதும், தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் முற்றுகையில் 217 நாட்கள் தாக்குப்பிடித்துப் பெயர் பெற்றவர் என்பதும் உண்மை. சீருடையும் கொடியும் வணக்கமும் எங்கிருந்து வந்தன என்று மறைப்பதில் பொருளில்லை. ஆனால் படைக்கவாத்து தனித்தன்மையை அழிக்கும் என்றும், தமக்கு வேண்டியது ஒவ்வொரு பிள்ளையின் தனிக்குணமும் வளர்வதே என்றும் வெளிப்படையாக எழுதியவரும் அவரே. கவாத்து என்ன செய்யும் என்பது தெரிந்தவர் சொன்னதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு. எனவே அந்தத் தாயின் மீது வருத்தப்படாதீர்கள். 25 நிமிடம் அசையாமல் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் சிப்பாய் நினைவுதான் வரும். ஐந்து நிமிடம் லாட வடிவில் நின்று, தானே கொடியை விரித்து, தானே கட்டளை சொல்லிவிட்டு விளையாட ஓடும் பிள்ளையை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் துறுதுறுப்பைப் பற்றி ஒரு சிறு விலகல். உங்கள் குழுவுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனாலும் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. சாரணரைவிட இளைய பிள்ளைகளுக்கான குருளையர் பிரிவு 1916-இல் முறையாகத் தொடங்கியபோது, கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' கதைகளிலிருந்து அதன் சடங்குகளை அமைத்துக்கொண்டார்கள். குருளைகள் வட்டமாகக் குந்தி, விரல்கள் தரையைத் தொட, தலையை உயர்த்தி, தங்கள் தலைவரான அகேலாவை நோக்கி ஒரே குரலில் ஊளையிடும். எங்களால் இயன்றதைச் செய்வோம் என்பதே அந்த ஊளையின் பொருள். கடைசிச் சொல் வெட்டியது போல் நிற்கும், உடனே குதித்தெழ வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் அமைதியாக இரு என்று கெஞ்சுவதை விட, முதலில் அடிவயிற்றிலிருந்து கத்த விட்டு, அந்தக் கத்தலின் விளிம்பிலேயே அமைதியை வைத்த அந்த உத்தியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. உங்கள் பிள்ளைகள் ஊளையிடும் வயதைத் தாண்டியவர்கள். ஆயினும் ஒவ்வொரு அணியும் லாடத்துக்கு ஓடி வந்து நின்றதும் தன் அணி முழக்கத்தை எழுப்பட்டும். நான்காவது முழக்கம் ஓய்ந்ததும் நீங்கள் மூன்று விரல்களை உயர்த்தி வாய் திறவாமல் நின்றால் போதும், அமைதி தானே வரும். விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கொடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சுருளாக மேலேறி, கீழிருந்து கயிற்றை இழுத்ததும் விரியும் கொடியைத் தயார் செய்வது ஒரு கைவேலை. நீளவாக்கில் மடித்து, பறக்கும் நுனியிலிருந்து கயிற்றுப் பக்கம் நோக்கிச் சுருட்டி, கயிற்றை அச்சுருளின் மேல் சுற்றி, அந்தச் சுற்றுக்குள் கயிற்றின் ஒரு சிறு மடிப்பை மட்டும் செருக வேண்டும். மடிப்புக்குப் பதிலாக முழுக் கயிற்றையும் செருகினாலோ, சுற்று இறுகினாலோ, கீழே நின்று எவ்வளவு இழுத்தாலும் கொடி மேலே ஒரு மூட்டையாகத் தொங்கும். எனக்கு 12 வயதில் முதன்முறையாக அந்தப் பொறுப்பு வந்தபோது அப்படித்தான் தொங்கியது. இழுத்தேன்; மறுபடி இழுத்தேன்; மூன்றாவது இழுப்பில் கம்பமே ஆடியது. லாடத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. எங்கள் சாரண ஆசிரியர் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி கூட நகரவில்லை. கடைசியில் எங்கள் அணியிலிருந்து ஒரு பையன் தானாக வந்து என்னோடு சேர்ந்து கயிற்றை இறக்கினான், இருவரும் மண்டியிட்டு மீண்டும் சுருட்டினோம், இம்முறை விரிந்தது. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். அன்று ஆசிரியர் ஓடி வந்து முடிச்சை அவிழ்த்திருந்தால் அந்த வாரத்தோடு நான் சாரணர் குழுவை விட்டிருப்பேன் என்பது உறுதி.

இதை எழுதக் காரணம், உங்கள் கடிதத்தில் எல்லா வினைச்சொற்களுக்கும் நீங்களே எழுவாயாக இருப்பது. கலைத்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்க வைக்கிறீர்களே என்று அந்தத் தாயும் கேட்டிருக்கிறார். வாரம் ஓர் அணி பணியணியாக இருக்கட்டும். கொடியைச் சுருட்டுவதும் கட்டளை சொல்வதும் உறுதிமொழியைத் தொடங்கி வைப்பதும் அவர்கள் பொறுப்பு. சாரணர் விதி முழுவதையும் வாரந்தோறும் ஒப்பிக்காமல், ஏதேனும் ஒரு விதியை அந்த அணி தேர்ந்தெடுத்து இரண்டு வாக்கியங்களில் பேசினால் போதும். சீருடைச் சோதனையை அணித்தலைவர் தம் அணி மூலையிலேயே, லாடம் கூடுமுன் முடித்துவிடலாம். அறிவிப்புகளை அணித்தலைவர்கள் கூடும் மன்றத்தில் அவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் தம் அணியிடம் சொல்லிக்கொள்வார்கள். ஒன்றிரண்டு அறிவிப்பு வழியில் தொலையத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வழிபாடு பற்றி ஒரு சொல்: பல சமயங்களைச் சேர்ந்தவர்களும் எச்சமயமும் சாராதவர்களும் குழுவில் இருந்தால், ஒரு நிமிட மௌனம் எல்லாருக்கும் இடம் தரும்.

இவ்வாறு மிச்சமாகும் நேரத்தில் பத்து நிமிடங்களைக் கூட்டத்தின் முடிவுக்கு மாற்றுங்கள். உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 25 நிமிடத் தொடக்கத்தை விட அந்த விசில் ஊதிக் கலைப்பதுதான். ஒன்றரை மணி நேரம் ஓடியாடிய பிள்ளை, தான் என்ன செய்தோம் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்காமலேயே வாசலில் காத்திருக்கும் வண்டியில் ஏறிவிடுகிறது. 1929-இல் இங்கிலாந்தின் ஆரோ பார்க்கில் நடந்த, உலகச் சாரணர்கள் கூடும் ஜாம்போரியின் நிறைவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மழையும் சேறுமாகக் கழிந்த பெருந்திரள் அது. கடைசி நாளில் சாரணர்கள் ஒரு மாபெரும் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல அணிவகுக்க, நடுவில் நின்ற பேடன் பவல் ஒரு கோடரியைப் புதைத்து, பொன்வண்ண மர அம்புகளை அந்த ஆரக்கால்கள் வழியே கைக்குக் கை மாற்றி அனுப்பினார். பகைமை மண்ணுக்குள் போனது, அம்பு ஊர்களுக்குப் போனது. நிறைவு நிகழ்ச்சியில் பிள்ளை கையில் ஏதாவது ஒன்றோடு வெளியேற வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது.

வாரக் கூட்டத்துக்குக் கோடரியும் அம்பும் வேண்டியதில்லை. மீண்டும் லாடம். கொடி மெதுவாக இறங்கட்டும். ஏறும்போது இருக்கும் விறைப்பு இறங்கும்போது தேவையில்லை. தரையில் படாமல் இருவர் ஏந்தி மடிக்கட்டும். பிறகு நீங்கள் பேசலாம், ஆனால் ஒரே ஒரு நிமிடம், அதுவும் அன்று நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றி மட்டும்: யாரோ ஒருவன் தோற்ற அணியின் கயிற்றையும் சேர்த்துச் சுருட்டி வைத்ததை, ஒரு சிறுமி நான்காவது முயற்சியில் நெருப்பு மூட்டியதை. பெயர் சொல்லாமலும் சொல்லலாம், லாடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பேடன் பவல் 1908-இல் வெளியிட்ட சாரணர் நூலின் பகுதிகளுக்குப் பாசறைத் தீக் கதைகள் என்றே பெயர் வைத்தார். அறிவுரையைப் பாடமாக்கினால் கேட்கமாட்டார்கள், கதையாக்கினால் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காத வாரத்தில் எதுவும் சொல்லாதீர்கள்.

எங்கள் குழுவில் இன்னொரு வழக்கம் இருந்தது. கலைந்து போகும்போது பணியணியின் கடைசி ஆள் வாசல் மண்ணில் குச்சியால் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைப்பான். சாரணர்கள் பின்வருபவர்களுக்காகத் தரையில் இடும் வழிக்குறிகளில் அதற்கு 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று பொருள். 1941-இல் இறந்த பேடன் பவலின் கல்லறையிலும், கென்யாவின் நையேரியில், அந்தக் குறிதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. புள்ளியை யார் வைப்பது என்றுதான் எங்களுக்குள் சண்டை.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே பணியணியை அழைத்து, கொடியைச் சுருட்டும் முறையை ஒரே ஒருமுறை காட்டிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். மேலே மூட்டையாகத் தொங்கினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எத்தனை வாரம் தொங்கியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.