கேள்வி – பதில்: தேர்தல் காலமும் நாட்டின் கஜானாவும்

கேள்வி: தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டால் எங்கள் ஊர் ஜவுளிச் சந்தைக்கு வெளிமாநில வியாபாரிகள் வருவது குறைந்துவிடுகிறது. பங்குச் சந்தையும் ஆட்டம் காண்கிறது. யார் ஜெயித்தாலும் இதே கதைதான் என்றால், வெயிலில் வரிசையில் நின்று வாக்களிப்பதால் என்ன பயன்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் சந்தையின் பிரச்சினை வேறு, பங்குச் சந்தையின் பிரச்சினை வேறு. தேர்தல் காலத்தில் ரூ.50,000-க்கு மேல் ரொக்கம் கொண்டு செல்பவர் உரிய ஆவணம் காட்ட வேண்டும் என்பதால், பறக்கும் படைக்குப் பயந்து வியாபாரிகள் கொள்முதலைத் தள்ளிப்போடுகிறார்கள். நடத்தை விதிகள் விலக்கப்பட்டதும் அது சீராகிவிடும்.

பங்குச் சந்தையோ ஊகத்தில் ஏறி இறங்குவது. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை நம்பி 2024 ஜூன் 3 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. மறுநாள், பாஜகவுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் இழந்த அனைத்தையும் மீட்டுக்கொண்டது. பதறி விற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

கவலைப்பட வேண்டியது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லாமல் போகும் காலத்தைப் பற்றித்தான். 1991-ஐ நினைத்துப் பாருங்கள். வளைகுடாப் போரால் எண்ணெய்ச் செலவு கூடி அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த நேரத்தில், காங்கிரஸின் வெளி ஆதரவை நம்பியிருந்த சந்திரசேகர் அரசால் முழு பட்ஜெட்டைத் தாக்கல் செய்ய முடியவில்லை. மார்ச் மாதம் அவர் ராஜினாமா செய்தார். அடுத்த அரசு அமையும்வரை பொறுப்பில் நீடிக்கும், நாளை இருக்குமா என்று தெரியாத காபந்து அரசு அளிக்கும் உறுதிமொழியை நம்பி, சர்வதேச நிதியம் உட்பட எவர் பெரிய கடன் தருவார்? மே மாதத்தில், திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையுடன் 20 டன் தங்கம் சுவிஸ் வங்கியிடம் விற்கப்பட்டது. அதே மாதம் 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டதால் எஞ்சிய வாக்குப்பதிவும் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அந்நியச் செலாவணிக் கையிருப்போ சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது.

ஜூன் 21 அன்று பதவியேற்ற நரசிம்ம ராவ் அரசுக்கும் பெரும்பான்மை கிடையாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஜூலையில் மேலும் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அடகு வைக்க வேண்டியிருந்தபோதும், அதே மாதத்தில் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, தொழில் உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, புதிய பட்ஜெட்டையும் அது கொண்டுவந்தது. ஆகவே, ‘நிலையான ஆட்சி வேண்டுமானால் ஒரே கட்சிக்குக் குத்துங்கள்’ என்ற மேடைப் பேச்சை நான் ஏற்பதில்லை. மக்கள் தீர்ப்பைப் பெற்று வந்தவர்கள் என்ற தகுதிதான் அந்தச் சிறுபான்மை அரசுக்குக் கடினமான முடிவுகளை எடுக்கும் தெம்பைத் தந்தது.

கேள்வி: என் ஒரு வாக்கால் என்ன மாறிவிடும்? (அதே வாசகர்)

பதில்: 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில், மாநில காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 48 வாக்குகள். அத்தகைய ஒரு தொகுதி என்ன செய்யும் என்பதற்கு 1999 ஏப்ரல் 17 சாட்சி: அன்று மக்களவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 269-க்கு 270 என்ற கணக்கில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது, நாடு மறுபடியும் தேர்தலுக்குச் சென்று, அக்டோபர் வரை காபந்து அரசோடு காத்திருந்தது.