வாசகர் கேள்வி – பதில்: வந்து இறங்கிய அன்று கூட்டம் வேண்டாம்

கேள்வி: ஆகஸ்டில் டொரொன்டோவிலிருந்து ஒரு திருச்சபையார் பன்னிரண்டு பேர் பத்து நாள் ஊழியப் பயணமாக எங்களிடம் வருகிறார்கள். சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறார்கள். முதல் நாள் ஓய்வாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் மூப்பர்களோ அன்று மாலையே தோட்டத்தில் ஜெபக்கூட்டம் வைக்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– சபைச் செயலாளர், டிக்கோயா

பதில்: மூப்பர்களின் ஆர்வம் புரிகிறது. ஆனாலும் கூட்டம் வேண்டாம். ஆகஸ்டில் டொரொன்டோ நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால். நமக்குப் பகல் 2 மணி என்றால் அவர்கள் உடம்புக்கு விடியற்காலை நாலரை. அந்த நேரத்தில் விட்டால் அடித்துப்போட்டாற்போல் தூங்குவார்கள். மாலை ஏழுக்கு எழுந்து இரவெல்லாம் விழித்திருந்து, ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் சாய்ந்து விழுவார்கள். ஆகவே ஓய்வு நாளுக்கும் நேரக்கணக்கு உண்டு, அதைப் பார்ப்பது உங்கள் வேலை.

விமான நிலையத்திலிருந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டு பேருக்குப் பதினான்கு இருக்கை வேன் போதும் என்று சாரதி சொல்வார். பெட்டிகளைக் கணக்கில் எடுக்காமல் சொல்வது அது. ரோசா என்கிற சிறிய பஸ் பேசுங்கள். பெட்டி கட்டும்போதே ஆளுக்கொரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுநாயக்கவில் வியர்த்து வழிந்தவர்கள் சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் ஹட்டனில் இறங்கும்போது, பெட்டியெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து பயனில்லை.

வழியில் அவிசாவளையில் பாணும் பருப்பும் வாழைப்பழமும் போதும். எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். கித்துல்கலவில் கால் மணி நேரம் இறங்கி நடக்கட்டும், அதற்கப்புறம்தான் கினிகத்தேனை வளைவுகள். வாந்தி வருவது பெரும்பாலும் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கிறவர்களுக்கே. காது உணர்கிற அசைவைக் கண் பார்க்காததால் வருகிற தலைசுற்றல் அது. அப்படிப்பட்டவர்களை முன் இருக்கைகளில் உட்காரவைத்துத் தூரத்துப் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் வளைவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும், குமட்டிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். தென்மேல் பருவமழைக் காலம் என்பதால் முதல்நாள் இரவே மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். செம்மஞ்சளுக்கே பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வந்து சேர்ந்தால் முதலில் குளியல். இங்கேதான் பல விருந்தினர் விடுதிகளில் சிக்கல். 3 கிலோவாட் கீசர் ஒன்று 13 அம்பியர் இழுக்கும். வீட்டு இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர். மூன்றாவது கீசரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழும். இரண்டிரண்டாகப் போடச் சொல்லி, யார் முதலில் என்று கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு கம்பளி, ஒரு டோர்ச், ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குளிக்க மட்டுந்தான். குடிக்கவும் பல் துலக்கவும் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆன தண்ணீர். கனடா மின்கருவிகள் 120 வோல்ட்டுக்கானவை, நம்முடையது 230. தொலைபேசிச் சார்ஜர் பொதுவாக இரண்டையும் தாங்கும், முடி உலர்த்தி புகைந்துவிடும்.

சாப்பாடு: சோறு, பருப்பு, பூசணிக் கறி, அவித்த முட்டை. கட்டச் சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர் எடுக்கட்டும். பச்சைச் சலாது அன்றைக்கு வேண்டாம். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பைக்கற்றுகள் சில கையிருப்பில் இருக்கட்டும்.

பிறகு தூக்கம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாமல். மூன்றரைக்குக் கதவைத் தட்டி இஞ்சிப் பிளேன்டீ கொடுங்கள். அதுவே அன்றைய கடைசித் தேநீர். தேயிலை நாட்டில் இப்படிச் சொல்வது அபசாரந்தான், ஆனால் இரவில் தூங்கவேண்டுமே. நான்கு மணிக்கு வெளிச்சத்தில் நடக்கவேண்டும். மழையானாலும் குடையோடு நடக்கட்டும், உடம்புக் கடிகாரத்தை நம் பக்கம் திருப்புவது அந்த வெளிச்சந்தான். உங்களுக்கு இடம் தேட வேண்டியதில்லை. 1878இல் கட்டிய வார்லி ஆலயமும் காசல்ரீ நீர்த்தேக்கமும் பக்கத்தில் இருக்கின்றன. தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது 1854இல் என்பதையும் அங்கே வைத்துச் சொல்லுங்கள். சுவிசேஷம் தங்களோடுதான் முதன்முதலாக வருகிறது என்று நினைக்கிற விருந்தாளிகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐந்தரைக்குத் தோட்டத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி விருந்தாளிகளுக்கு அரைமணிப் பேச்சு, ஆறரைக்கு இரவுச் சாப்பாடு, ஒன்பது வரை எப்படியாவது விழித்திருக்க வேண்டும். பேச்சை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் ஒருவர் காதிலும் ஏறாது.

கேள்வி: அந்த அரைமணிப் பேச்சில் எதைக் கட்டாயம் சொல்லவேண்டும்?
– இளைஞர் குழுத் தலைவி, தலவாக்கலை

பதில்: தோட்டம் தனியார் இடம். முகாமையாளருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, தோட்டத் தொழிலாளர் தலைவரிடமும் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். துரை, அதாவது முகாமையாளர், சம்மதித்தார் என்பதற்காகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்துவிட முடியாது, அது ஒரு வீட்டின் வாசல். கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. நிறுவை நேரத்தில் பெண்களை நிறுத்திப் பேசினால் அவர்கள் கூலிக்கணக்குத்தான் இடறும். தோட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். மாரியம்மன் கோயில் வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் விருந்தாளிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், பகை உங்கள் சபைக்கு மிஞ்சும். மிட்டாயும் பொம்மையும் கையால் வீசுவது வேண்டவே வேண்டாம். கொண்டுவந்ததை எல்லாம் சபையிடம் ஒப்படைக்கட்டும்.

கேள்வி: ஞாயிறன்று குழுத் தலைவரைப் பிரசங்கிக்க விடலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: எந்த விசாவில் வருகிறார் என்று முதலில் பாருங்கள். சுற்றுலா விசா பிரசங்கத்துக்கும் சமய வகுப்புக்கும் உரியதல்ல. அழைக்கிற சபையே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் உரிய அனுமதியை முன்கூட்டியே கேட்கவேண்டும். அனுமதி இருந்தால் பேச்சைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்போடு இருபது நிமிடம் நாற்பதாகும்.

கேள்வி: அட்டை கடித்தால் வெளிநாட்டார் பயந்துவிடுகிறார்களே?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: முதல் நாள் தார் ரோட்டிலேயே நடக்கவிடுங்கள், புல்லில் இறக்காதீர்கள். காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, மேலே சவர்க்காரம் தடவலாம். ஏறிவிட்டால் பிடித்து இழுக்கவேண்டாம். அட்டையின் மெல்லிய நுனிப்பக்கம் நகத்தை வைத்து நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் நெடுநேரம் கசியும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுக்கிறவர் குழுவில் இருந்தால் அவரை முன்கூட்டியே கேட்டுக் குறித்துவைத்து, 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.