முகபாவத்தை அச்சு அசலாக வரைந்தால் படத்தில் உணர்ச்சி வந்துவிடாதா?

வராது. பட்டுத் தெரிந்துகொண்டேன். வரையப் பழகிய புதிதில், துக்க வீட்டில் பார்த்த ஒரு பெரியவர் அழுவதைக் கரித்துண்டில் வரைந்தேன். நெற்றிச் சுருக்கம், கோணிய உதடு, கண்ணோரம் திரண்ட துளி, ஒன்றையும் விடவில்லை. படத்தைப் பார்த்த நண்பன், "கண்ணுல தூசி விழுந்திருச்சா?" என்றான்.

எங்கே தப்பு என்று புரிய வைத்தவர் ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ். இறந்த பிள்ளையை அணைத்திருக்கும் தாயை 1903-இல் எட்சிங்காக, அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்செடுக்கும் படமாக, செய்தார். அதில் தாயின் முகம் அரைகுறையாகத்தான் தெரியும். மூக்கும் வாயும் பிள்ளையின் உடம்பில் புதைந்திருக்கும். கண்ணீர் கிடையாது. வளைந்த முதுகும் மடக்கிய முழங்காலும் முரட்டுக் கையும்தான் அழுகின்றன. குட்டியை விடாத மிருகம் மாதிரி இருக்கும், முதல் தடவை பார்த்தபோது கொஞ்சம் பயந்தேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஏழு வயது மகன் பீட்டரை அணைத்துக்கொண்டு, தன்னைப் பார்த்தே வரைந்தாராம்.

1914 அக்டோபரில் அதே பீட்டர் பெல்ஜியப் போர்முனையில் இறந்தான். வயது 18. படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. தயங்கிய கணவரைச் சம்மதிக்க வைத்தவர் கேத்தேதான்.

மகனுக்கு நினைவுச் சிலை வடிக்க நினைத்தார். முதல் திட்டத்தில் பையனின் உடல் நீண்டு கிடக்கும். தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. சரியாக வரவில்லை, பாதியில் விட்டார், சில வருடம் கழித்து மறுபடி எடுத்தார். 1932-இல் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் நிறுவியபோது சிலையில் மகனே இல்லை. பெற்றவர்கள் மட்டும், தனித்தனிப் பீடத்தில், முழந்தாளிட்டபடி. அம்மா முன்னால் கவிழ்ந்திருக்கிறாள். அப்பா முதுகை விறைப்பாக நிமிர்த்தி, குளிருக்கு ஒடுங்குவதுபோல் இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவரை ஒருவர் தொடக்கூட இல்லை. மன்னிப்புக் கேட்பதற்குத்தான் மண்டியிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சம்மதக் கதை தெரிந்ததாலும் இருக்கலாம். சிலைகள் இப்போது பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்ற ஊரில் இருக்கின்றன, பீட்டரின் கல்லறையும் அங்கேதான். நான் பார்த்ததெல்லாம் புகைப்படத்தில்.

அந்தப் பெரியவரைத் திரும்ப வரைகிறேன், இந்தத் தடவை பின்பக்கமிருந்து. அன்றைக்கு அவர் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கால் வந்துவிட்டது. தோள்தான் படியவில்லை, அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டது.